பெயரை அல்ல, சமையற்கூடத்தைப் பாருங்கள்: கொல்கத்தாவிலிருந்து நெடுந்தூரம் பறப்பவர்களுக்கான சாப்பாட்டுத் தேர்வு

கொல்கத்தாவிலிருந்து லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ சிட்னிக்கோ எகானமி வகுப்பில் டிக்கெட் எடுப்பவர்கள், சிறப்பு உணவு என்ற கட்டத்துக்கு வந்ததும் வீட்டு வழக்கத்தை மனதில் வைத்து ஏதோ ஒன்றைத் தொட்டுவிடுகிறார்கள். சைவக் குடும்பமென்றால் பட்டியலில் முதலில் தென்படும் சைவ உணவு. அசைவமென்றால் எதையும் தொடாமல் அப்படியே விட்டுவிடுவது. போகும்போது இரண்டு விமானம், வரும்போது இரண்டு விமானம், நான்குக்கும் ஒரே தேர்வு. இந்த அத்தியாயம் சொல்லும் முறை வேறு. உணவின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், அது எந்த ஊர்ச் சமையற்கூடத்தில் தயாராகி விமானத்தில் ஏறுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக முடிவெடுங்கள். ஒரே பெயருள்ள தட்டு ஓர் ஊரில் நன்றாகவும் இன்னோர் ஊரில் வாயில் வைக்க முடியாமலும் இருப்பதற்கு விமான நிறுவனத்தைவிடச் சமையற்கூடமே பெரிய காரணம். பயணியால் முன்கூட்டியே யூகிக்க முடிகிற காரணமும் அதுதான்.

கொல்கத்தாக்காரர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பொருந்துகிறது. 1930களில் லண்டனிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் கிழக்கே வந்த விமானங்களுக்குக் கொல்கத்தாவின் டம்டம் விமான நிலையம் முக்கியமான நிறுத்தமாக இருந்தது. அந்த நிலை பின்னர் மாறிவிட்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2009இல் இந்நகரை விட்டு விலகியது. லுஃப்தான்சா தன் ஃபிராங்க்ஃபர்ட் சேவையை 2012இல் நிறுத்தியது. மேற்கே போகிறவர்களில் பெரும்பாலோர் இப்போது துபாய், தோஹா, அபுதாபி ஆகிய ஊர்களில் ஒன்றிலோ டெல்லியிலோ மும்பையிலோ விமானம் மாறுகிறார்கள். ஆஸ்திரேலியா பக்கம் போகிறவர்களுக்கு சிங்கப்பூர், பாங்காக், கோலாலம்பூர். ஆக, பயணம் இரண்டு துண்டாகிறது. முதல் துண்டு, மாறும் ஊரைப் பொறுத்து, இரண்டரை முதல் ஐந்தரை மணி நேரம். இரண்டாவது 7 மணி நேரத்தில் தொடங்கி 14 மணி நேரத்தையும் தாண்டலாம். முதல் துண்டின் சாப்பாடு டம்டமில் ஏறுகிறது, இரண்டாவது துண்டின் சாப்பாடு மாறும் ஊரில் ஏறுகிறது. திரும்பி வரும்போது முதல் தட்டு டொராண்டோவிலோ மான்செஸ்டரிலோ நிரம்புகிறது. குறுந்தூர விமானங்கள் சில, திரும்பும் வழிக்கான உணவையும் புறப்படும் ஊரிலேயே ஏற்றிக்கொள்வதுண்டு. நெடுந்தூரத்தில் அது அரிது. நான்கு தட்டு என்றால் மூன்று அல்லது நான்கு சமையற்கூடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

விமானத்தில் யாரும் சமைப்பதில்லை. தாஜ்சாட்ஸ் போன்ற நிறுவனங்கள் விமான நிலையத்தை ஒட்டி நடத்தும் பெரிய சமையற்கூடங்களில், புறப்பாட்டுக்குப் பல மணி நேரம் முன்பே சமைத்து, அந்தச் சூட்டை வேகமாக இறக்கி 5 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்து, அலுமினியத் தட்டில் அடைத்து, தள்ளுவண்டியில் ஏற்றுகிறார்கள். மேலே போன பிறகு சூடான காற்றை வீசும் அடுப்பில் அதை மறுபடி சூடாக்கித் தருகிறார்கள். இந்தச் சூடு, குளிர், மறுசூடு என்ற சுற்றைத் தாங்கும் பண்டம் எது, தாங்காதது எது என்பது சமையலறை தெரிந்த யாருக்கும் புரியும். குழம்பும் பருப்பும் கூட்டும் தாங்கும். சில நேரம் மறுநாள்தான் இன்னும் ருசிக்கும். வறுவல் நமுத்துப்போகும். வாட்டிய கோழி நார்நாராகும். மீன் விறைக்கும். பாஸ்தா களியாகும். வெறும் சோறு ஓரங்களில் காய்ந்து குச்சியாகிவிடும். நெய்யோ எண்ணெயோ கலந்த புலாவ் அவ்வளவு சீக்கிரம் காயாது.

இதோடு நாக்கின் நிலைமையும் சேர்கிறது. பறக்கும் விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. மூக்கு வறண்டால் மணம் எட்டாது, மணம் எட்டாவிட்டால் ருசியும் பாதிதான். லுஃப்தான்சாவுக்காக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் ஹோல்ஸ்கிர்ஷனில் ஒரு பழைய ஏர்பஸ் ஏ310 விமானத்தின் உடற்பகுதியில் இதே அழுத்தத்தையும் வறட்சியையும் உண்டாக்கிச் சோதித்தது. 2010இல் வெளிவந்த அதன் முடிவு: உப்பு 20 முதல் 30 சதவீதமும் இனிப்பு 15 முதல் 20 சதவீதமும் குறைவாக உறைக்கின்றன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2015இல் வெளியான ஆய்வு இரைச்சலைச் சோதித்தது. விமானத்துக்குள் இருக்கும் 85 டெசிபல் அளவு இரைச்சலில் இனிப்பு மங்குகிறது. தக்காளியிலும் காளானிலும் இருக்கிற உமாமி என்ற சுவை மட்டும் தூக்கலாகத் தெரிகிறது. புளிப்பும் மசாலாவும் அதிகம் இழப்பதில்லை. தக்காளி, வெங்காயம், இஞ்சி, சீரகம், மிளகாய் சேர்ந்த இந்தியக் குழம்பு வகைக்கு இந்த இரண்டு சோதனையிலும் தேறும் தகுதி இருக்கிறது. வெண்ணெய் தடவி வேகவைத்த கேரட்டும் உருளைக்கிழங்கும் தேறாது. சைவரோ அசைவரோ, எகானமி வகுப்பில் இந்தியச் சமையல் முறையில் செய்த தட்டைத் தேடுவது புத்திசாலித்தனம் என்பதற்கு இதுவே என் முதல் ஆதாரம். ஊர்ப்பாசத்துக்கு இதில் பங்கில்லை.

அப்படியானால் எல்லா விமானத்துக்கும் ஏவிஎம்எல் என்ற இந்தியச் சைவ உணவைப் பதிவுசெய்துவிட்டால் போதாதா? போதாது. இந்தியாவிலிருந்து புறப்படும் விமானங்களில் பொதுத் தட்டிலேயே ஒரு சைவ வகை இருக்கும். அதுவும் இந்தியச் சமையலாகவே இருக்கும். டம்டமில் ஏறும் பொதுச் சைவத் தட்டையும் ஏவிஎம்எல் தட்டையும் சமைப்பது அதே ஊரின் அதே கைகள். இங்கே பதிவுசெய்வதால் ருசியில் பெரிதாக லாபம் இல்லை. பண்டிகைக் காலத்தில் பொதுத் தட்டில் இருக்கும் சந்தேஷோ பாயசமோ சிறப்புத் தட்டில் இல்லாமல்கூடப் போகலாம். பதிவுசெய்வதன் நன்மை வேறு: பின்வரிசையில் உட்காருகிறவர்களுக்கு வண்டி வந்து சேரும்போது சைவம் தீர்ந்துபோயிருக்கும் ஆபத்து இல்லை. முட்டைகூடத் தொடாத வீட்டினர் அந்தக் காப்புக்காக முதல் துண்டிலும் பதிவுசெய்வது சரி. மற்றவர்கள் முதல் துண்டைச் சும்மா விட்டுவிடலாம்.

இரண்டாவது துண்டில்தான் முடிவு கனக்கிறது. துபாயிலிருந்து டொராண்டோ போகும் விமானத்தின் பொதுத் தட்டு பல நாட்டுப் பயணிகளை நினைத்துச் செய்தது. சைவம் இருந்தால் அது சீஸ் சேர்த்த பாஸ்தாவாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதே துபாயில் எமிரேட்ஸ் ஃபிளைட் கேட்டரிங் சமையற்கூடம் நாள்தோறும் இந்தியாவின் பல ஊர்களுக்குத் தட்டு நிரப்புகிறது. பருப்புக் கடைசலும் பனீரும் ஜீரா சாதமும் அங்கே புதிதாகக் கற்றுச் செய்யும் பண்டங்கள் அல்ல. சிங்கப்பூரிலும் தோஹாவிலும் இதே நிலைதான். இந்திய, இலங்கைப் பயணிகள் திரளாக வந்துபோகும் ஊரில் ஏறும் இந்தியச் சைவத் தட்டு நம்பத்தக்கது. இங்கே ஏவிஎம்எல் பதிவுசெய்யுங்கள், தயங்க வேண்டாம்.

திரும்பும் பயணத்தின் முதல் துண்டுக்குக் கொஞ்சம் யோசனை வேண்டும். லண்டன், டொராண்டோ போன்ற, நம்மவர்கள் நிறைந்த ஊர்களில் துபாய்க்குச் சொன்னதே பொருந்தும். நம்மவர்கள் குறைவாகவே ஏறும் ஊரில் ஒரு விமானத்துக்கு இரண்டு மூன்று ஏவிஎம்எல் மட்டும் வேண்டியிருந்தால், அந்தச் சமையற்கூடம் அதற்கென்று ஆள் வைத்துச் சமைக்காது. எங்கிருந்தோ உறைநிலையில் வாங்கி வைத்ததைச் சூடாக்குவதுதான் அதற்குக் கட்டுப்படியாகும். அப்படிப்பட்ட ஊரில் முட்டையும் பாலும் ஏற்பவர்கள் விஎல்எம்எல் என்ற மேற்கத்திய முறைச் சைவத்தைப் பரிசீலிக்கலாம். அந்த ஊர்க்காரர்களுக்குச் சமைக்கத் தெரிந்த பண்டம் வரும் என்பதே அதன் பலம். முட்டை ஆகாதவர்களுக்கு ஏவிஎம்எல்தான் வழி. கையில் கொஞ்சம் தின்பண்டமும் இருக்கட்டும்.

இந்த எழுத்துக் குறியீடுகளைப் பிழையில்லாமல் தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் முகவரும் விமான நிறுவனமும் பேசிக்கொள்வது இவற்றில்தான். ஏவிஎம்எல் தட்டில் இறைச்சி, மீன், முட்டை இல்லை; பால், தயிர், நெய் உண்டு. விஜிஎம்எல் என்பது வீகன். பால்கூடக் கிடையாது, பெரும்பாலும் மேற்கத்தியச் சமையல், கடைசியில் இனிப்புக்குப் பதில் பழத்துண்டு. 'வெஜிடேரியன்' என்ற சொல்லைப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தயிருக்கு ஏங்குகிற தமிழர்கள் நிறைய. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் இது நல்ல தேர்வு. விஜேஎம்எல் என்பது ஜெயின் உணவு: வெங்காயம், பூண்டு, கிழங்கு வகை எதுவும் சேராது. ஜெயின் அல்லாதவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. அது தவறு என்பது என் கருத்து. ஏகாதசி, சிராத்தம் என்று வெங்காயம் பூண்டு விலக்கும் நாளில் பறக்க நேரும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும், அவை சேராத நிராமிஷ் சமையலுக்குப் பழகிய வங்காளிக் குடும்பங்களுக்கும் பட்டியலில் உள்ளவற்றில் இதுவே மிக நெருக்கமானது. படாபஜாரைச் சுற்றி மார்வாரிகளும் ஜெயின்களும் தலைமுறை தலைமுறையாக வாழும் நகரம் கொல்கத்தா. அவர்களுக்குச் சமைத்துப் பழகிய ஊரிலிருந்து ஏறும் ஜெயின் தட்டை நம்பலாம்.

அசைவர்களுக்கு எச்என்எம்எல் என்ற இந்து அசைவ உணவு இருக்கிறது. மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இல்லாமல், கோழி, ஆடு, மீன், முட்டை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை இந்திய முறையில் சமைத்துத் தருவார்கள். எமிரேட்ஸ் 2018 ஜூலையில் இந்த வகையை நிறுத்தப்போவதாக அறிவித்து, பயணிகளின் எதிர்ப்பால் உடனடியாகப் பின்வாங்கியது. எத்தனை பேர் இதை நம்பியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று. ஹலால் வேண்டுவோருக்கு எம்ஓஎம்எல். வளைகுடா நிறுவனங்களின் விமானங்களில் இறைச்சி எல்லாமே ஹலால் என்பதால் தனியாகப் பதிவுசெய்யும் தேவை குறைவு. இந்திய நிறுவனத்தில் பறந்தால் நிலைமை வேறு: முன்பதிவு செய்த முஸ்லிம் உணவுக்கு மட்டுமே ஹலால் சான்று இருக்கும் என்று ஏர் இந்தியா 2024 நவம்பரில் தெளிவுபடுத்தியது. மீன் பிரியர்கள் எஸ்எஃப்எம்எல் என்ற கடலுணவைப் பார்த்து ஆசைப்படுவார்கள். கடுகு அரைத்த இலிஷ் மீன் வரப்போவதில்லை. ஆவியில் வேகவைத்த, முள்ளில்லாத வெள்ளை மீன்தான் வரும். மறுசூட்டில் அது என்ன ஆகும் என்பதை மேலே சொல்லியாயிற்று.

இந்தியத் தட்டுக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் ஒன்று கனமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ராஜ்மாவும் கொண்டைக்கடலையும் வயிற்றில் வாயு உண்டாக்கும். உட்புறக் காற்றழுத்தம் தாழ்வதால், குடலில் இருக்கும் வாயு தரையில் இருப்பதைவிடக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். 14 மணி நேரம் நடுச் சீட்டில் உட்காருகிறவருக்கு இது சின்னத் தொல்லை அல்ல. இதற்காக ஏவிஎம்எல்லையே ஒதுக்குவது சரியான பதிலல்ல என்று நினைக்கிறேன். தட்டில் வருவதையெல்லாம் தீர்க்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. சோறு, தயிர், காய்கறி சாப்பிட்டுக் கடலையை ஒதுக்கலாம், சோடா வகைக் குடிபானங்களைத் தவிர்க்கலாம். வயிறு நிஜமாகவே பலவீனமானவர்களுக்குக் காரமும் வாயுப் பண்டமும் சேராத பிஎல்எம்எல் என்ற மென்மையான உணவு இருக்கிறது. சப்பென்று இருக்கும், ஆனால் தொந்தரவு தராது. இன்னொரு வாதம், சிறப்புத் தட்டு முதலில் வருவதால் கூட வருகிறவர்களோடு சேர்ந்து சாப்பிட முடிவதில்லை என்பது. உண்மைதான். குழந்தையோடு போகும் பெற்றோருக்கு இதுவே வசதி: குழந்தைக்குச் சிஎச்எம்எல் பதிவுசெய்தால் அதன் தட்டு முன்னால் வந்துவிடும், ஊட்டி முடிக்கும்போது உங்கள் தட்டு வரும். இரவில் புறப்படும் விமானத்தில் முதலில் சாப்பிட்டு முதலில் தூங்குவதும் நல்லதே.

மருத்துவக் காரணத்துக்காகத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டிபிஎம்எல் என்ற நீரிழிவு உணவு சர்க்கரையைக் குறைக்கும். ஆனால் அது எப்போது வரும் என்பதை யாராலும் உறுதி சொல்ல முடியாது. விமானம் ஓடுபாதையிலேயே ஒரு மணி நேரம் நிற்கலாம். குலுங்கினால் பரிமாறுவதையே நிறுத்திவிடுவார்கள். சாப்பாட்டுக்கான இன்சுலினைத் தட்டு கண்முன் வந்த பிறகே போட்டுக்கொள்ளுங்கள். நேர மண்டலம் மாறும்போது மருந்தின் அளவை எப்படி மாற்றுவது என்பதைக் கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேலே குறைவாக உறைப்பதை ஈடுகட்ட உப்பைச் சற்றுக் கூட்டிப் போடுவது விமானச் சமையலின் வழக்கம் என்பதால், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு எல்எஸ்எம்எல் என்ற உப்புக் குறைந்த உணவு பயனுள்ளது. வேர்க்கடலை, முந்திரி ஒவ்வாமை உள்ளவர்கள் எந்தக் குறியீட்டையும் காப்பாக நம்பக் கூடாது. பக்கத்துச் சீட்டுக்காரர் என்ன பொட்டலம் பிரிப்பார் என்பது சமையற்கூடத்தின் கையில் இல்லை. விமான நிறுவனங்களும் அந்த உறுதியைத் தருவதில்லை. மருந்து கைப்பையில் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் அல்ல.

பதிவு செய்வதில் தவறும் இடங்கள் சில. பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பு கேட்கின்றன; யூதர்களின் கோஷர் உணவுக்கு இன்னும் முன்னதாக, ஏனென்றால் அது தனி இடத்தில் தயாராகி முத்திரையிட்டு வருகிறது. டிக்கெட்டை ஒரு நிறுவனம் விற்று விமானத்தை வேறொரு நிறுவனம் ஓட்டினால், ஓட்டும் நிறுவனத்தின் இணையதளத்தில் அவர்களுடைய பிஎன்ஆர் எண்ணைப் போட்டுச் சாப்பாடு ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். முகவர் பதிவுசெய்துவிட்டேன் என்று சொன்னால், நிலை என்ன என்று கேளுங்கள்: எச்கே என்றால் உறுதி, என்என் என்றால் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். டெல்லி வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறொரு டிக்கெட் என்று பிரித்து வாங்கியிருந்தால் இரண்டிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். குறைந்த கட்டண நிறுவனங்களில் இந்தப் பட்டியலே செல்லாது. அங்கே காசு கொடுத்து முன்பதிவு செய்யும் பெட்டிகள்தான். தட்டின் மேல் ஒட்டும் சீட்டில் உங்கள் இருக்கை எண் இருக்கும். யாருக்காவது இடம் மாறிக் கொடுத்தால் உடனே பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பருப்புச் சோறு பழைய இருக்கைக்குப் போகும். டம்டமில் குளிர்காலப் பனிமூட்டத்தால் தாமதமாகி, தொடர் விமானத்தைத் தவறவிட்டு, வேறு விமானத்துக்கு மாற்றினால், பழைய உணவுப் பதிவு பெரும்பாலும் கூடவே வராது. 24 மணி நேர அவகாசமும் இருக்காது. சைவர்கள் கைப்பையில் ஒருவேளைச் சாப்பாடு வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான்.

அந்த ஒருவேளை எது? பாதுகாப்புச் சோதனையில் சர்வதேசப் பயணிகளுக்குத் திரவம், குழைவான பண்டம் எல்லாம் ஒரு டப்பாவுக்கு 100 மில்லிலிட்டர்தான். தயிர்சாதமும் ஊறுகாயும் சிக்கலில் கொண்டு விடலாம். புளியோதரையும், மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவிய இட்லியும், சப்பாத்திச் சுருளும் தடையில்லாமல் போகும். லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டிலிருந்து எடுத்து வராதவர்கள் 2024 டிசம்பரில் டம்டமில் திறந்த உடான் யாத்ரி கஃபேயில் 10 ரூபாய்க்கு டீயும் 20 ரூபாய்க்குச் சமோசாவும் வாங்கி வயிற்றை நிரப்பிக்கொண்டு ஏறலாம்; அது பாதுகாப்புச் சோதனைக்கு முன்னாலேயே இருப்பதால் உள்ளே நுழையும் அவசரத்தில் தவறவிட்டுவிடாதீர்கள். கொண்டுபோனதை இறங்கும் முன் தீர்த்துவிட வேண்டும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சுங்கத்தில் பழம், இறைச்சி, பால் பண்டம் பற்றிய விதிகள் கடுமையானவை. விமானத்திலேயே கொடுத்த ஆப்பிளாக இருந்தாலும், அறிவிக்காமல் பையில் போட்டுக்கொண்டு இறங்கினால் அபராதம் விதிக்கிறார்கள். சிறப்புத் தட்டில் வரும் பழத்தை விமானத்திலேயே சாப்பிடுங்கள். முடியாவிட்டால் தட்டோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.